ஆறாவது வீட்டுக்குப் போன மாடு

எனக்கு அவள் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். மலாயாவில் டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். அடுத்தடுத்த நிரையில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவினோம். கித்தா விலை விழுந்து தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தபோது பலர் கப்பலேறி ஊருக்குத் திரும்பினார்கள். திரும்பாமல் மலாக்கா டவுனுக்கு வந்த சில குடும்பங்களில் எங்கள் இரண்டும் உண்டு.

பாசார் என்கிற மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியேறினோம். இரண்டு பக்கமும் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள். மாட்டுவண்டிக்காரர்கள், சலவைக்காரர்கள், முனிசிபல் கூலிகள் என்று எல்லாம் நம் ஆட்கள். மழை பெய்தால் சந்து முழுக்கச் சேறு. சந்து முனையில் ஒரே ஒரு குழாய். என் வீட்டுக்காரர் ஒரு மாட்டில் தொடங்கி நான்கு மாடு வரை சேர்த்தார். கடைசியில் இருந்த எங்கள் வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டோம். அவள் புருஷன், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் காரைக் கழுவப் போனான். கழுவிக் கழுவியே ஓட்டவும் கற்றுக்கொண்டு டிரைவர் ஆனான்.

அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. குழாயடியில் என் குடம்தான் முதலில் நிற்கும். யார் யாருக்கு முன்னால் வந்தது என்ற சண்டையில் தீர்ப்புச் சொல்வதும் நான்தான். அவள் என் பின்னால் குடத்தோடு நின்று, "அக்கா, எனக்கும் சேத்துச் சொல்லுக்கா" என்பாள். அப்படி நின்றவரைக்கும் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு தவுக்கே அந்தச் சந்தின் ஒரு பக்கத்தை வாங்கினார். அத்தாப்பு வீடுகளைப் பிரித்துப் போட ஒரு வாரம்கூட ஆகவில்லை. வண்டிக்காரர்கள் டவுனுக்கு வெளியே புக்கிட் காத்தில் பக்கம் போனார்கள். கூலிகள் சிலர் தோட்டத்துக்கே திரும்பினார்கள். எங்கள் வீடும் கொட்டகையும் நின்ற துண்டு ஒரு மலாய் ஹாஜியாருடையது. அவர் விற்க மறுத்துவிட்டதால் நாங்கள் தப்பினோம். அவள் குடும்பம் தவுக்கேயின் கார் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் போய் ஒண்டிக்கொண்டது.

எங்கள் கண் முன்னாலேயே ஆறு கல் வீடுகள் எழுந்தன. ஓட்டுக் கூரை, வழுவழுவென்று சிமெண்டுத் தரை, வீட்டுக்குள்ளேயே குழாய், விசையைத் தட்டினால் எரியும் விளக்கு. சந்துக்குத் தார் போட்டார்கள். சாக்கடைக்குச் சிமெண்டு பூசினார்கள். முதல் ஐந்து வீட்டுக்கும் படித்தவர்கள் வந்தார்கள். மூன்று பேர் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிகள், ஒருவர் வாத்தியார், ஒருவர் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர். டிரெசர் வேதக்காரர். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது குதிகால் செருப்பு போடுவாள். காலையில் பால் வாங்க வரும்போது ஒரு கையில் செம்பும் மறு கையில் மூக்கைப் பொத்த ஒரு கைக்குட்டையும் இருக்கும்.

"மாட்ட வேற எங்கியாச்சும் கட்டக் கூடாதா? ரொம்ப ஸ்மெல்லா இருக்கு லா" என்பாள்.

"பாலு மட்டும் வாசமா இருக்காம்மா?" என்று நான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அளவு குறையாமல் ஊற்று என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஐந்து வீட்டைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை. அவர்கள் வேறு சாதி மனிதர்கள். இங்கிலீஷ் படித்தவர்களுக்கு விளக்கு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும். ஆறாவது வீடு சில மாதங்கள் பூட்டியே கிடந்தது. அதன் சுவரும் எங்கள் மாட்டுக் கொட்டகையின் சுவரும் முட்டிக்கொண்டு நின்றதால், படித்தவர் யாரும் அதைக் கேட்கவில்லை. தவுக்கே அதைத் தன் டிரைவருக்கே கொடுத்துவிட்டார்.

அவளே ஓடி வந்து என்னிடம் சொன்னாள். "அக்கா, மறுபடியும் ஒஞ் செவுத்துக்குப் பக்கத்துலயே வாரேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சந்தோஷம் என்றேன். என் வயிறு எரிந்தது.  ஒரே மண்ணில் மரம் சீவியவள், என் பின்னால் குடத்தோடு நின்றவள், இனி வீட்டுக்குள்ளேயே குழாயைத் திருகுவாள். "ஒனக்கு வேணுங்கிற தண்ணிய எங்க வூட்டுலயே புடிச்சிக்கக்கா" என்று வேறு சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது. குழாயடியில் நான் தீர்ப்புச் சொன்னவள்.

அதே சமயத்தில்தான் டிரெசர் ஒரு மனு எழுதினார். மாடுகளால் நாற்றம், ஈ, கொசு, நோய் வரும், கொட்டகையை எடுக்க வேண்டும் என்று முனிசிபாலிட்டிக்கு மனு. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். கொட்டகை போனால் எங்களுக்குச் சோறு போகும். நான்கு மாட்டையும் விற்றுவிட்டு மறுபடி எந்தத் தோட்டத்து வாசலில் போய் நிற்பது? கித்தா விற்ற விலைக்குத் தோட்டத்தில் வேலை கிடைப்பதும் கஷ்டம். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் ஆறாவது வீட்டு வாசலில் டிரெசர் காகிதத்தோடு நிற்பதைப் பார்த்தேன். குடிவருவதற்கு முன் ஜன்னலுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தை வாங்கினான். டிரெசர் பேனாவைத் திறந்து நீட்டினார். எதற்கோ இருவரும் சிரித்தார்கள். எனக்கு அது போதும். மீதியைப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன். சுவருக்குப் பக்கத்தில் வருகிறேன் என்று கையைப் பிடித்தவள், அந்தச் சுவரையே இடிக்கப் பார்க்கிறாள் என்று அன்றே முடிவு கட்டினேன். உண்மையைச் சொன்னால் அப்படி முடிவு கட்டியதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அதுவரை காரணம் இல்லாமல் எரிந்த வயிற்றுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவள் வெற்றிலை பாக்கோடு வந்தாள். புதன்கிழமை காலையில் பால் காய்ச்சுகிறார்கள். மாடும் கன்றும் வேண்டும்.

நம் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியது மனிதர் இல்லை. கன்றோடு கூடிய பசுவை மஞ்சள் குங்குமம் வைத்து முதலில் உள்ளே நடத்த வேண்டும். உள்ளே சாணி போட்டால் இன்னும் விசேஷம். அதன் பிறகுதான் வீட்டுக்காரி வலது காலை எடுத்து வைப்பாள். அந்த மாட்டுக்குத் தன் கன்று உயிரோடு இருக்க வேண்டும். கன்று செத்த மாட்டை நல்ல காரியத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். குழந்தை குட்டி தங்காது என்பார்கள். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம்.

எங்கள் சிவப்பு மாட்டுக்கு இரண்டு மாதக் கன்று இருந்தது. கறுப்பு மாட்டின் கன்று பன்னிரண்டு நாளைக்கு முன் கழிச்சலில் செத்துவிட்டது. அதன் தோலை உரித்து, உள்ளே காய்ந்த லாலான் புல்லை அடைத்து, அதைக் காட்டித்தான் பால் கறந்துகொண்டிருந்தோம். வாடிக்கை கெடும் என்று வெளியே சொல்லவில்லை. கார் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அவளுக்கும் தெரியாது.

புதன்கிழமை என் வீட்டுக்காரர் பால் ஊற்றப் போன பிறகு, கறுப்பு மாட்டைக் குளிப்பாட்டினேன். கொம்புக்கு மஞ்சள் பூசினேன். சிவப்பு மாட்டின் கன்றை அவிழ்த்து அதன் பக்கத்தில் கட்டினேன்.  

ஆறாவது வீட்டு வாசலில் கூட்டம். கிராணி வீட்டுப் பெண்கள் பட்டுப் புடவையில் நின்றார்கள். டிரெசர் மனைவியும் வந்திருந்தாள், கைக்குட்டையோடு. பூசாரி மணி அடித்தார். நான் மாட்டை வாசற்படிக்கு இழுத்தேன். அந்த நேரம் கன்று பசியில் மாட்டின் மடியில் முட்டியது. கறுப்பு மாடு திரும்பி முகர்ந்து பார்த்தது. தன் கன்று இல்லை என்று தெரிந்ததும் கொம்பால் ஒரு தள்ளு தள்ளியது. கன்று கால் மடங்கிப் படியில் விழுந்தது. கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது.

"சிமெண்டுத் தரை வழுக்குது, அதான் மெரளுது" என்றார் பூசாரி. டவுனில் வளர்ந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அவள் தலையை ஆட்டவில்லை. அவள் அப்பா தோட்டத்தில் மாடு வைத்திருந்தவர். ஈன்ற மாடு தன் கன்றை எப்படி நக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாட்டின் மடியைப் பார்த்தாள். கன்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. பாரடி, நன்றாகப் பார் என்றுதான் நின்றேன்.

அவள் குனிந்து கன்றைத் தூக்கி நிறுத்தினாள். புதுப் புடவையில் சேறும் ரோமமும் ஒட்டியது. "கன்னுக்குட்டி பயப்படுது, நானே புடிச்சிக்கிறேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் தானே நின்று இரண்டையும் உள்ளே நடத்திக்கொண்டு போனாள். மாட்டுக்குப் பழம் கொடுத்தாள். எனக்குத் தாம்பாளத்தில் புடவை வைத்துக் கொடுத்தாள். பால் பொங்கியது, சாப்பாடு நடந்தது. ஒன்றும் நடக்காத மாதிரி எல்லாரும் கலைந்து போனார்கள்.

அடுத்த வாரம் முனிசிபல் ஆபீசிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கூட வந்த தமிழ்க் கிராணி காகிதத்தைப் புரட்டினார்.

"அஞ்சு வூட்டுக்காரங்கதான் கையெழுத்து போட்டிருக்காங்க. ரொம்பக் கிட்ட இருக்கிறது ஆறாவது வூடு. அவரு, மாட்டால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லைன்னு தனியாவே எழுதிக் குடுத்துட்டாரு. தரைக்குச் சிமெண்டு போட்டுச் சுத்தமா வச்சுக்குங்க, இருந்துக்கலாம்னு தொரை சொல்றாரு."

"எப்ப எழுதிக் குடுத்தாரு?" என்று நான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை. அவரும் சம்சாரமும் நேரா ஆபீசுக்கே வந்தாங்க."

வெள்ளிக்கிழமை. பால் காய்ச்சி இரண்டு நாள் கழித்து. என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். 

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே தன் வீட்டுக் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று கேட்டேன்.

"ஒனக்குத் தெரிஞ்சிருச்சு, இல்ல?"

"தெரிஞ்சிருச்சுக்கா."

"பின்ன ஏன் அங்கயே கேக்கல?"

அவள் குழாயை மூடினாள். "கேட்டிருந்தா நாளையிலேருந்து ஒன் பாலை யாரு வாங்குவாங்க?" என்றாள். பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "அன்னிக்கப்பறம் ரெண்டு நாளு தூங்கலக்கா. ஒம் மேல அம்புட்டுக் கோவம். ஆனா ஒங்களத் தெருவுல நிறுத்திட்டு இந்த வூட்டுல நான் எப்படிச் சோறு திங்கிறது?" என்றாள்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அழுதிருந்தால் நானும் கூட அழுதிருப்பேன். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. அவள் பின்னால் அந்தக் குழாய் பளபளவென்று நின்றது. வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது. வீடு அவளுக்கு, விளக்கு அவளுக்கு, பிள்ளை அவள் வயிற்றில். இருக்கிறது போதாது என்று நல்ல மனசும் அவளுக்கே போக வேண்டுமா என்று நினைத்தேன். மற்றதையெல்லாம் நானும் ஒரு நாள் சம்பாதித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சந்தில் என்னால் இருக்க முடியவில்லை. தினமும் காலையில் அவள் செம்போடு வந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இருக்கிறதா என்று தேடுவேன். இருக்காது. அவளுக்கு மாசம் ஏற ஏற எனக்குப் பயம் வேறு. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அம்மா சத்தியமாக அன்று சந்தோஷப்பட்டேன். ஆண் குழந்தை என்று சொன்னதும் அந்தச் சந்தோஷத்தில் பாதி போய்விட்டது. எனக்கு அப்போது இருந்த மூன்றும் பெண்.

புக்கிட் காத்திலில் புல் அதிகம், மாட்டுக்கு நல்லது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அரித்தேன்.

"இருன்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. யாரும் வெரட்டல. ஒனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார்.

புல் வேணும் என்றேன். கடைசி வரை அவரிடம் வேறு காரணம் சொன்னதில்லை. ஐந்து வீட்டுக்காரர்கள் மனுப் போட்டும் போகாத கொட்டகையை நானே பிரித்தேன். டிரெசர் மனைவி அன்று கைக்குட்டை இல்லாமலே வந்து நின்று, இனி பாலுக்கு எங்கே போவது என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

மாட்டை முன்னால் ஓட்டிவிட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றினோம். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தார் ரோடு முடியும் வரை கூடவே நடந்து வந்தாள். "என்னாலதானே போற?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அழுதாள். சில பேர் அழுதால் முகம் கோணிப்போகும், மூக்கு சிவக்கும். என் முகம் அப்படித்தான். அவள் அழும்போதும் அழகாக இருந்தாள். வண்டி திரும்பும் வரை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.