அலுமினிய உருண்டையும் வீட்டோடு மாப்பிள்ளையும்

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவனுக்கு யாராவது முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: படுக்கிற இடமும் வேலை செய்கிற இடமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கவே கூடாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. காஜா பேராங்கில் மாமனாரின் கடைசல் பட்டறை முன்பக்கம். நானும் என் மனைவியும் படுக்கிற அறை பின்பக்கம். நடுவே ஒரு பலகைச் சுவர். காலையில் கண் விழித்தால் லேத்து எண்ணெய் வாடை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே வாடை. முதல் வாய் எடுத்து வைப்பதற்குள் மாமனார், "மாப்ளே, அந்த ஷாஃப்டு என்னாச்சு?" என்பார். சோற்றுக் கையோடு எழுந்து போய் எடுத்துக் காட்டுவேன்.

நாடே சுதந்திரம் சுதந்திரம் என்று பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. தெங்கேரா காப்பிக்கடையில் போய் உட்கார்ந்தால் மெர்டேகா, மெர்டேகா என்று மலாயிலும் அதே சுதந்திரப் பேச்சுத்தான். எனக்கு வேண்டியிருந்ததோ ரொம்பச் சின்ன மெர்டேகா. சிங்கப்பூரில் ஒரு பெரிய பட்டறையில் என் சிநேகிதன் ஒருவன் வேலை பார்த்தான். அங்கே லேத்துக்கு ஆள் தேவை, மாதக் கடைசிக்குள் வந்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். என் மனைவிக்கும் போக ஆசை. தனியாக ஓர் அறை, நாமே பூட்டித் திறக்கிற ஒரு கதவு, அவ்வளவுதான் அவள் கேட்டது. ஆனால் மாமனாரிடம் பேச்செடுத்தால், "மெதுவாப் போகலாம் மாப்ளே, சிங்கப்பூர் எங்க ஓடிடப் போவுது?" என்பார். கோபப்பட்டாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம். சிரித்துக்கொண்டே சொல்கிற மனிதரை என்ன செய்வது!

அந்தச் சமயத்தில்தான் ஒரு சீன முதலாளி, எங்கள் பக்கத்தில் தவுக்கே என்போம், வந்து சேர்ந்தார். சுதந்திர நாளுக்குக் கொடிக்கம்பம் செய்து கொடுக்கும் வேலையை எடுத்திருந்தார். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் வைக்க அலுமினிய உருண்டை வேண்டும், முகம் பார்க்கிற மாதிரி மினுக்கம் வேண்டும் என்றார். வார்த்த கட்டிகளைச் சாக்கோடு கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். எங்கள் பட்டறையில் அதுவரை இரும்பும் பித்தளையும்தான் கடைந்திருந்தோம். அலுமினியம் என்றால் எங்களுக்குச் சட்டி பானைதான்.

"இந்த ஒண்ணை முடிச்சுட்டுக் கிளம்புங்க மாப்ளே. நான் மறிக்கல," என்றார் மாமனார். அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மதியம் என் தட்டில் மீன் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

எங்கள் லேத்தில் பெல்ட் ஓடுகிற புல்லி படிப்படியாக இருக்கும். பெல்ட்டை எந்தப் படியில் மாட்டுகிறோமோ அந்த வேகம். மாமனார் ஒரு கட்டியை எடுத்து ஆணியால் கீறிக் காட்டினார். "பாருங்க, கோடு விழுது. மெதுவான சாமான். மெதுவான சாமானை மெதுவாத்தான் ஓட்டணும். அவசரப்பட்டா பிஞ்சு வந்துடும்." பெல்ட்டை எல்லாவற்றிலும் மந்தமான படியில் அவரே மாட்டினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

உருண்டையா அது! அலுமினியம் சீவலாக வராமல் டூலின் முனையிலேயே அப்பிக்கொண்டது. அப்பியது உருண்டையின்மேல் உரசி உரசி, முகமெல்லாம் அம்மை வடு. டூலைத் தீட்டிப் போட்டேன், மறுபடியும் அப்பியது. ஒரு சுற்றுக்கு டூல் எவ்வளவு நகர்கிறது என்பதை எங்கள் பட்டறையில் 'மக்கான்' என்போம். மலாயில் அதற்குச் சாப்பாடு என்று பொருள். மக்கானைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். டூல் வெட்டுவதையே மறந்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தது. சனியன் பிடித்த உருண்டை ஒவ்வொன்றையும் தூக்கி மூலையில் எறிந்தேன். ஒரு வாரம் முழுக்க இதே கூத்து. மாதம் ஓடிக்கொண்டிருந்தது, நான் அந்த லேத்தின் முன்னால் கட்டிப்போட்ட மாடுபோல நின்றுகொண்டிருந்தேன்.

மாமனார் மூலையில் கிடந்த உருண்டைகளைப் பார்த்தார். "முடியலேன்னா விட்டுடுங்க மாப்ளே. தவுக்கேகிட்ட திருப்பிக் கொடுத்துடுவோம். நீங்க வேணும்னா நாளைக்கே கிளம்புங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "முடியாதுன்னு யாரு மாமா சொன்னது?" என்றேன். என்னை அப்படி ஒருவர் சொல்லி நான் பொறுத்துக்கொண்டதே கிடையாது.

பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன் கம்போங் செட்டிக்காரன், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழ்ச் செட்டிகளின் வம்சம். என் வயதுதான். சாமி கும்பிடுவதில் என்னைவிடக் கெட்டி. தமிழ் மட்டும் வராது, வீட்டிலும் வெளியிலும் அவனுக்கு மலாய்தான். ஏன் இப்படி ஊர்கிறாற்போல ஓட்டுகிறாய் என்று அவன் கேட்டபோது மாமனாரின் சட்டத்தை மலாயில் விளக்கப் பார்த்தேன். சாமான் லெம்புட், ஆகையால் பெலான். சொல்லும்போதே எனக்கு நாக்கு இடறியது. அவன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"லெம்புட் லாயின், பெலான் லாயின்-லா," என்று சிரித்தான். மெத்தென்று இருப்பது வேறு, மந்தமாக ஓடுவது வேறு. இரண்டையும் எதற்கடா முடிச்சுப் போடுகிறாய் என்று கேட்டான். விடை அவனுக்கும் தெரியாது, கேள்விதான் கேட்டான். எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. மலாயில் அது இரண்டு சொல். எங்களுக்கு இரண்டுக்கும் 'மெது' என்ற ஒரே சொல். அட கடவுளே, ஒரு சொல்லை நம்பிக்கொண்டா இத்தனை நாள் மாரடித்தேன்? அலுமினியத்துக்குத் தமிழ் தெரியுமா என்ன!

மறுநாள் மாமனார் செங் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்குப் பம்பு பார்க்கப் போனார். அவர் தலை மறைந்ததும் பெல்ட்டைக் கழற்றி எல்லாவற்றிலும் வேகமான படியில் மாட்டினேன். லேத்து ஊளையிட்டது. பலகைச் சுவர் தடதடத்தது. "என்னங்க, வீடு விழுந்துடப் போவுது!" என்று மனைவி ஓடிவந்தாள். டூலின் மேல்முகத்தை நன்றாகச் சரித்துத் தீட்டி, மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தடவி, மக்கானைத் தைரியமாகக் கொடுத்தேன். சீவல் சுருள் சுருளாகப் பறந்தது. கடைசி ஓட்டத்துக்கு மட்டும் மக்கானைக் கொஞ்சம் இறக்கினேன். நிறுத்திப் பார்த்தால், அம்மாடி, உருண்டைக்குள் என் மூக்கு தெரிந்தது! மூன்று பேரும் சிறுபிள்ளைகளைப் போலக் குதித்தோம். செட்டிக்காரனும் ஆசைப்பட்டுச் சிலவற்றைக் கடைந்தான். எது அவனுடையது, எது என்னுடையது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

தவுக்கே வந்தார். ஒன்றை எடுத்துத் தடவினார், சட்டையில் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு, இதைப் போல இன்னும் நிறைய வேண்டும், பள்ளிக்கூடம், கடை, கிளப்பு என்று எல்லா இடத்திலும் கொடி ஏற்றப் போகிறார்கள், வருஷம் முழுக்க வேலை இருக்கிறது என்றார். மாமனாருக்கு வாயெல்லாம் பல். தவுக்கேயின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"மாமா, நான் அடுத்த வாரம் சிங்கப்பூர் கிளம்புறேன்," என்றேன்.

மாமனார் திரும்பினார். கோபம் இல்லை, நிஜமான திகைப்பு. "நீங்க போயிட்டா இதை யாரு மாப்ளே ஓட்டுவா? எனக்கு இது ஓடுற சத்தத்தைக் கேட்டாலே நெஞ்சு படபடங்குது."

"இவனுக்கும் தெரியும் மாமா. என்னைப் போலவே கடைவான்."

மாமனார் செட்டிக்காரனிடம் மலாயில் கேட்டார். அவன் அரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தா தாவு," என்றான். தெரியாது. என் பக்கம் திரும்பவே இல்லை.

மாமனார் என் தோளில் கை வைத்து, "சரி, கொடியெல்லாம் ஏறட்டும் மாப்ளே, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். தவுக்கே முன்னால் நான் என்ன சொல்ல? தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் கிணற்றடியில் செட்டிக்காரனைப் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். துரோகி என்றேன், நன்றி கெட்டவன் என்றேன். அவன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டு முடித்தான். "தெரியும்னு சொன்னா, அந்த லேத்தை விட்டு என்னை யாரு விடுவா?" என்று மலாயில் கேட்டான்.

உள்ளே வந்தபோது மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அப்பாவே திருப்பிக் கொடுத்துடுறேன்னாரே. முடியலேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாம போயிருக்கலாமேங்க," என்றாள்.

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அப்படிச் சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லையே என்றேன்.

"தெரியுங்க," என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, சத்தமே வராமல்.