குதிகாலைச் சொல்லாத வெல்டர்

தெருவில் பாதி வீடுகளின் இரும்புக் கேட்டுகள் வெல்டர் செய்தவை. ஆனால் உடம்பைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் மனைவிக்குத் தாவு தீர்ந்துவிடும். பொறி தெறித்துக் கையிலும் காலிலும் விழுகிற கரும்புள்ளிகளை அவர் நோயோடு சேர்ப்பதில்லை, அது தொழில். குதிகாலில் வந்த கறுப்பையும் அப்படித்தான் விட்டுவைத்தார். ரத்தம் கசிந்த பிறகு அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். தோல் புற்று என்று வெட்டியெடுத்து, தவறாமல் காட்டச் சொன்னார்கள். இரண்டு தடவை போனார், அத்தோடு சரி. "அதான் வெட்டியாச்சே, இன்னும் என்னத்தக் காட்டுறது?"

இப்போது சாப்பாடு இறங்கவில்லை. மலம் தார் மாதிரி போனது. "நான் என்ன குழந்தையா?" என்று தனியாகவே போய் ஒரு டாக்டரிடம் புண் மாத்திரையும் இன்னொருவரிடம் சத்து மாத்திரையும் வாங்கிவந்தார். மூன்றாவது டாக்டர் குழாய் விட்டுப் பார்த்ததும், முடிவு கேட்க அவளும் கூடவே உள்ளே நுழைந்தாள்.

"இரைப்பையில கறுப்பா கட்டிங்க இருக்கு. முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர்."

"ஏங்க, குதிகால்?"

"அது தோல் டாக்டர் சமாச்சாரம்மா. பூட்டு பாக்க வந்தவன்கிட்ட குழாய் ஒழுகுதுன்னா சொல்லுவ?"

"உங்க மண்டைக்குள்ள என்ன இருக்கு, இரும்புத்தூளா?" குனிந்து அவருடைய ஷூவை உருவினாள்.

தழும்பைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். "அந்தப் புற்றே ரத்தத்தோட இங்க வந்திருக்கலாம். குழாய் விட்டப்ப இரைப்பையில எடுத்த சதைய அதுக்குன்னு சோதிக்கணும். அதுதான்னா மருந்தே வேற."

"குதிகால் எங்க, வயிறு எங்க டாக்டர்!" வெல்டர் அளவு தப்பிய கேட்டுக்குச் சண்டை போடுகிறவர் போலப் பேசினார்.

சோதனையில் அதுவேதான். சிறுகுடலிலும் பரவியிருந்தது. மருந்து கேட்கும், எவ்வளவு கேட்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகும்போது வழியெல்லாம் பொரிந்து தள்ளினாள். "இனிமே எதையும் மறைச்சீங்க, கூட வரவே மாட்டேன்."

அங்கே நர்ஸ் கேட்கக் கேட்க, குதிகாலிலிருந்து அவளே ஒப்பித்தாள்.

"வேற ஏதாவது தொந்தரவு?"

"வேற இல்லம்மா," என்றாள்.

வெல்டர் தொண்டையைச் செருமினார். "கொஞ்ச நாளா தலையும் வலிக்குது. காலையில எந்திரிச்சா ரெண்டு ரெண்டா தெரியுது."

அவள் திரும்பினாள்.

"சொல்லச் சொன்னியேம்மா," என்றார் அவர்.