ரசத்தில் ஒரு சிட்டிகை

'பிள்ளைக்கு யார் கொடுத்தது?' என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. 'நான் என்ன கொடுக்கிறேன்?' என்று ஏன் தோன்றவில்லை? இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

நாங்கள் மொன்றியலில், அஹுன்ட்சிக் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பந்துபோல் ஊதியிருக்கும். ஒரு நாளில் ஐந்தாறு தரம் வயிற்றால் போகும். பல பரிசோதனைகளுக்குப் பிறகு சீலியாக் என்றார்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் உள்ளே போனால் அவளுடைய குடல் புண்ணாகும், சாப்பாட்டின் சத்து உடம்பில் சேராது. இதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் கோதுமை போன்றவற்றை நிறுத்துவதுதான் வைத்தியம்.

அன்றிலிருந்து வீட்டில் பாண் இல்லை, ரொட்டி இல்லை. கோதுமை மா பட்டிருக்கும் என்று பழைய இடியப்ப உரலைக்கூட வெளியே எறிந்தேன். கடையில் ஒவ்வொரு பெட்டியையும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படித்தேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் படித்தேன். மற்றப் பிள்ளைகளின் தட்டில் கை வைத்துவிடுவாள் என்று பயந்து கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்திலிருந்தும் நிறுத்தினேன். நான் வேலைக்குப் போகும் நாட்களில் கணவரின் அக்கா, என் மச்சாள், வந்து பார்த்துக்கொண்டார். மச்சாளுக்கு நகரின் மறுகோடியில், புவாண்ட்-கிளேரில் மாலை வேலை. நள்ளிரவில் முடித்து வந்து நித்திரை போதாமலே காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் நிற்பார்.

இதற்கிடையில் ரொறன்ரோவிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து ஒருவர் என்று தொலைபேசியில் புத்திமதி. ஒரு துண்டு பாண் தின்றால் என்ன வந்துவிடும், எங்கள் காலத்தில் இப்படியொரு வருத்தம் இருந்ததா என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்ததுதான் மிச்சம்.

ஐந்து மாதம் போயிற்று. எடை அரைக் கிலோகூட ஏறவில்லை. இரத்தப் பரிசோதனையிலும் முன்னேற்றம் இல்லை. மருத்துவமனையில் இந்தப் பிள்ளைகளைக் கவனிக்கும் தாதி, எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது என்றார். எங்கிருந்து என்று பிடிபடாவிட்டால் மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். முதல் தரம் மயக்கத்தில் அவளுடைய கை துவண்டு தொங்கியதைப் பார்த்தவள் நான். இன்னொரு தரம் அதைப் பார்க்க என்னால் முடியாது.

அன்று பின்னேரம் மச்சாளின் காரில் பிஸ்கட் தூள் சிந்திக் கிடந்ததைக் கண்டேன்.

"மச்சாள், பிள்ளைக்கு யார் பிஸ்கட் குடுத்தது?"

"அது நான் திண்டது. வேலைக்குப் போகேக்க."

"அவள் கேட்டிருப்பாள். நீங்களும் பாவம் பாத்து..."

"ஒரு பெட்டி உடைக்க முந்தி உமக்குப் படம் எடுத்து அனுப்பிப்போட்டுத்தானே உடைக்கிறன். பிறகும் என்னைக் கேக்கிறீரோ?"

உண்மைதான். தினமும் படம் வரும். அத்துடன் நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"படம் அனுப்பாததையும் குடுக்கலாம்தானே."

மச்சாள் தன் சாவிக்கொத்திலிருந்து எங்கள் வீட்டுத் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. நான் வேலைக்கு லீவு போட்டேன். துறைமுகத்தில் லொறி ஓட்டும் என் கணவர் வேலை முடிந்து வந்து, கதவடியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். "என்னையும் சோதிச்சுப்போட்டு உள்ளுக்கு விடும். துறைமுகத்து வாசலிலைகூட இவ்வளவு சோதனை இல்லை." எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அடுத்த வாரம் தாதி கூப்பிட்டார். பிள்ளையின் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும், மருந்து, தூள் வகை உட்பட, கொண்டுவரச் சொன்னார். இரண்டு பை நிறையக் கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவே கொண்டுபோனேன். என் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்று அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தவர், ஒரு சின்ன மஞ்சள் டப்பாவில் நின்றுவிட்டார். இது என்ன என்று கேட்டார். பெருங்காயம், வயிற்றுக்கு நல்லது, ரசத்தில் ஒரு சிட்டிகை போடுவோம் என்று விளக்கினேன். எத்தனை நாளுக்கு ஒரு தரம் என்றார். வாரத்தில் இரண்டு நாள், வயிறு ஊதியிருந்தால் ஒவ்வொரு நாளும் என்றேன். அவளுக்குத்தான் ஒவ்வொரு நாளும் வயிறு ஊதியிருந்ததே.

டப்பாவைத் திருப்பி, ஒரு வரியின் கீழ் நகத்தை வைத்துக் காட்டினார். கோதுமை மா.

நெடி குறைய மா கலப்பார்களாம். எனக்குத் தெரியாது. பற்பசையின் உறையைக்கூடப் படித்தவள் நான். பெருங்காயத்தை யார் படிப்பார்கள்? வயிறு ஊத ஊத, நானே என் கையால் கூடக் கூடப் போட்டிருக்கிறேன்.

தாதி திட்டவில்லை. வேறொரு வீட்டில் சோயா சோஸில் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிட்டு, முகம் துடைக்கத் தாள் எடுத்துத் தந்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றே மச்சாள் வீட்டுக்குப் போனேன். நான்தான் என்று சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, "காரணம் பிடிபட்டுதெல்லோ, அது எனக்குக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார். திங்கட்கிழமை வந்தார். மூன்று மாதத்தில் மகளின் எடை ஏறியது, வயிறு வற்றியது, இரத்தப் பரிசோதனையும் திருந்தியது. இரண்டாம் தரம் குழாய் விடத் தேவைப்படவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் திருந்தவில்லை. அதற்குப் பிறகு மச்சாள் என்னைக் கேட்காமல் பிள்ளைக்கு எதையும் ஊட்டியதில்லை. நான் சமைத்து, பெயர் எழுதி வைத்துவிட்டுப் போகும் சோற்றுக்கும் என்னை அழைத்துக் கேட்கிறார். போன வாரம் வேலையில் இருக்கும்போது அழைப்பு வந்தது. மகள் தாகமென்று அழும் சத்தம் பின்னால் கேட்டது. "தண்ணி குடுக்கட்டோ?" என்றார். அந்தக் குரலில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

மன்னிப்பை இரண்டு தரம் கேட்டுவிட்டேன். மூன்றாம் தரம் கேட்டால் இன்னும் நோகுமோ என்றும் பயமாக இருக்கிறது. உங்களில் யாராவது இப்படி ஒருவரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, பிறகு அவிழ்த்திருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.