கொழும்புக்குப் போகும் காமன் கூத்து

இன்னைக்கு ஹட்டன் பஸ்ல வரும்போது கொழும்புல இருந்து ஒரு போன். அங்க நடக்கப்போற கலாசார விழாவுல எங்க தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தைப் போடணுமாம்.

"பத்து நிமிசம் தர்றோம். மண்டபத்துக்குள்ள நெருப்பு மட்டும் வேணாம்."

"சிவன் மன்மதனை எரிக்கிறதுதானே சார் கதையே?"

"அதக் கொஞ்சம் மாத்துங்க. ரதியோட ஒப்பாரியும் வேணாம். சனங்க சந்தோசமா வீட்டுக்குப் போகணும்."

பக்கத்து சீட்டுல செல்வம் அண்ணன். வருசா வருசம் எங்க மன்மதன் அவர்தான். விசயத்தைச் சொன்னதும் முகம் வாடிப்போச்சு.

"எரியாம எப்புடி தம்பி? ரதி வேசம் கட்டுற என் மச்சான் ஒரு மாசமா அழுது பழகுறானே!"

அப்புறம் அவரே சொன்னாரு, "சரி, போவோம். கொழும்பு ஒரு தடவயாவது நம்மளப் பார்க்கட்டும்."

கொழும்பு நண்பர்களே, கட்டாயம் வாங்க. எரிக்காத சிவனுக்கு மேடையில என்ன வேலை குடுக்கலாம்னு மட்டும் கமெண்ட்ல சொல்லுங்க.