அண்ணன் என்னோடு ஓடாத வருஷம்

எனக்கு அப்போது எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. குச்சனூரை ஒட்டிய எங்கள் ஊரில் திராட்சைத் தோட்டத்துக்கும் வாய்க்கால் பாலத்துக்கும் நடுவே ஒரு மண்பாதை உண்டு. அதில் தினமும் அவனோடு பந்தயம் கட்டி ஓடித் தோற்பதுதான் என் முக்கியமான வேலை. ஒருநாள், ஜெயித்தால் சைக்கிளைத் தருவதாக ஆசை காட்டினான். உயிரைக் கொடுத்து ஓடினேன். நிஜமாகவே கொடுத்துவிடப் பார்த்திருக்கிறேன். பாலத்துக்குப் பத்தடி இருக்கும்போது நெஞ்சைப் பிசைந்தது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

தேனியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் எனக்குப் பிறவியிலேயே இடம் மாறி முளைத்திருந்ததாம். இரண்டு பெரிய ரத்தக் குழாய்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, வேகமாக ஓடும்போதெல்லாம் அது நசுங்கியிருக்கிறது. நெஞ்சைத் திறந்து, அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்துத் தைத்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மா என் கவுன் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினாள். அவர்கள் "ஆத்தாடி!" என்று கன்னத்தில் கை வைத்துவிட்டு, ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தெருப் பிள்ளைகளை மட்டும் என் பக்கம் அண்டவிடவில்லை. "ஏலே, அந்தப் புள்ள மேல கை பட்டுச்சு, தோல உரிச்சுப்புடுவேன்" என்று அத்தை வாசலிலேயே விரட்டினாள். யாரும் என்னை அடிக்கவில்லை, கிள்ளவில்லை, விளையாடக் கூப்பிடவும் இல்லை. தனியாக உட்கார்ந்து ஆப்பிள் தின்று தின்று நாக்கு மரத்துப்போனது.

மற்றவர்கள் போனால் போகட்டும், அண்ணன் ஒருவன் வந்தால் போதும் என்றிருந்தது. அவனோ நான் கூடத்துக்கு வந்தால் தொழுவத்துக்குப் போனான். தொழுவத்துக்குப் போனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "கேரம் ஆடுவமாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். "படிக்கணும்" என்றான். அவன் படித்து நான் பார்த்ததே இல்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி கோயிலுக்குப் போனோம். அம்மா நேர்ந்திருந்ததைச் செலுத்த, உருத்தகடு விற்கிற கடையில் நின்று, "நெஞ்சு இருக்காய்யா?" என்றாள். கண், கை, கால் எல்லாம் பரப்பி வைத்திருந்த கடைக்காரர், "நெஞ்சு யாரும் கேக்குறதில்லத்தா. முழு ஆளா வாங்கிக்கிருங்க" என்றார். முழு ஆளாகவே வாங்கிச் செலுத்தினோம். பிறகு எல்லோரும் ராட்டினத்தில் ஏற, நான் அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் உட்கார்ந்தேன். அண்ணனும் ஏறவில்லை. பஞ்சுமிட்டாய்க்காரர் பக்கத்தில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். என்னோடு வந்ததே அவனுக்கு வெட்கமாயிருக்கிறது என்று நினைத்து, அந்தச் செருப்புக் குவியலின் முன்னால் அழுதேன்.

ஒரு வருஷம் கழித்து மதுரையில் பரிசோதனை. அப்பாதான் கூட்டிப்போனார். டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "அன்னைக்கு ஓடி விழுந்தாளே, அதுதான் இவளைக் காப்பாத்துச்சு. விழலைன்னா இப்படி ஒண்ணு இருக்கிறதே நமக்குத் தெரிஞ்சிருக்காது. இனிமே கொஞ்சங்கொஞ்சமா விளையாட விடுங்க" என்றார். நான் விழுந்ததற்கு ஒருத்தர் சந்தோஷப்படுவதா என்று எனக்குக் கோபமாக வந்தது.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தான். அப்பா உள்ளே போகும்வரை காத்திருந்தவன், அந்த வருஷத்தில் முதன்முறையாக நேரே என்னிடம் வந்தான்.

"டாக்டரு என்ன சொன்னாக?"

எனக்கு ஒரு வருஷத்து வீம்பு. "உனக்கெதுக்கு? போயிப் படி" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். மறுபடி கேட்கவில்லை.

நான் மயங்கிக் கிடந்த அன்று, "தங்கச்சிய ஓட விட்டுக் கொன்னுபுட்டியேடா" என்று அம்மா அவன் தலையில் அடித்து அழுததும், பிறகு அவளே அதை மறந்துபோனதும் அப்போது எனக்குத் தெரியாது. தன்னைக் கண்டால் நான் எழுந்து ஓடி வந்துவிடுவேனோ என்று பயந்துதான் அவன் விலகி விலகிப் போனான் என்பதும் தெரியாது. டாக்டர் சொன்னதைக் கேட்டது நானும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்கு, விளையாட விடலாம் என்றது மட்டுமே மனதில் நின்றது. அன்று ஓடி விழுந்ததுதான் என்னைக் காப்பாற்றியது என்பதை நான் அண்ணனிடம் சொல்ல, மேலும் பதினோரு வருஷம் ஆயிற்று.