மேசையை விட்டு எழும்பாதவர்கள்

என் வீட்டு ஷோகேசில் ஒரு கப் நிற்கிறது. என் இரண்டு மகன்மாரில் சின்னவன் வென்று கொண்டுவந்தது. என்னோடு வெள்ளவத்தையில் இருக்கிற பெரியவன் அதைத் தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பின்னால் தள்ளி வைப்பான். கொட்டாஞ்சேனையில் இருக்கிற சின்னவன் வரும்போது, செருப்பைக் கழற்றிய கையோடு போய் அதை முன்னுக்கு இழுத்து வைப்பான். பெரியவனுக்குத் தலை நரைத்துவிட்டது. சின்னவனின் மகள் பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். இன்னும் இந்த இழுபறி நிற்கவில்லை. நான் அந்தக் கப்பைத் துடைப்பதில்லை.

இரண்டு பேரும் காசுக்குப் போக்கர் காட்ஸ் விளையாடுகிறவர்கள். கலியாண வீடுகளில் மகன்மாருக்கு என்ன தொழில் என்று கேட்டால், "பிஸ்னஸ்" என்று சொல்லிவிட்டு, சாம்பார் நல்லாயிருக்கு என்பேன். எனக்கு அந்த விளையாட்டுத் தெரியாது. இவர்களின் சண்டையைக் கேட்டுக் கேட்டு ஒன்றே ஒன்று மட்டும் விளங்கியது. பெரியவன் விளையாடுவது காசு மேசையில். அங்கே சிப்ஸ் என்கிற வட்டத் துண்டு ஒவ்வொன்றும் காசு. விரும்பின நேரம் எழும்பி, மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். சின்னவன் விளையாடுவது டூர்னமென்ட். முதலே ஒரு தொகை கட்டிவிட்டு இருந்தால், கையில் உள்ள சிப்ஸ் எல்லாம் போய் முடியும்வரை எழும்ப ஏலாது. எழும்பிப் போனால், ஆளில்லாத கதிரைக்கு முன்னால் இருக்கிற சிப்ஸ் சுற்றுக்குச் சுற்று கரைந்துகொண்டே போகும். கடைசிவரை இருக்கிறவனுக்குத்தான் கப்பும் படமும் பரிசும்.

எழும்பலாம் என்கிறவனுக்கும் எழும்ப ஏலாது என்கிறவனுக்கும் எவன் பெரிய ஆள் என்பதுதான் சண்டை.

இதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் அவர்களின் தகப்பன். பெடியங்கள் சின்னவர்களாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிய, பாயை விரித்துக் காட்ஸ் போடுவார். தோற்றவனின் காதில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பைக் கொளுவி, அப்படியே கடைக்கு அனுப்புவார், பாண் வாங்கி வா என்று. கடைக்காரர் காதைப் பார்த்துச் சிரிப்பார். திரும்பி வருகிறவனின் முகத்தைப் பார்க்க ஏலாது. "ஆம்பிளைப் பிள்ளையளுக்கு ரோசம் வேணுமப்பா" என்பார் என்னிடம். ரோசம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

அவர் களுபோவில ஆஸ்பத்திரியில் வயிற்று வருத்தத்தோடு கிடந்த நாட்களில் பெரியவன் மத்தியானம் பார்க்க வருவான், சின்னவன் பின்னேரம் வருவான். ஒருவரை ஒருவர் காணக்கூடாது என்று அப்படி ஒழுங்கு. அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "இஞ்சேரும், ரெண்டு பேரையும் ஒருக்கா ஒண்டாக் கொண்டுவந்து காட்டும். வெட்டுறதுக்கு முன்னம்."

"காட்டுறன்" என்று சொல்லிவிட்டேன். ஒப்பரேசன் புதன்கிழமை என்றிருந்தபடியால், திங்கட்கிழமை இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வருவது என்று நினைத்திருந்தேன்.

அதற்கு முன், ஒரு நாள் நேரம் தப்பி இரண்டு பேரும் வாட்டுப் படியில் முட்டுப்பட்டார்கள். நான் நடுவில் பிளாஸ்கோடு நிற்கிறேன்.

"என்ன தம்பி, வெறுங்கையோடை வந்திருக்கிறாய்? கப்பைக் கொண்டுவந்திருந்தால் அப்பாவுக்குக் கஞ்சியாவது ஊத்திக் குடுத்திருக்கலாம்" என்றான் பெரியவன்.

"கடைசிமட்டும் இருக்கிறவனுக்குத்தான் அண்ணை கப். வயித்தைக் கலக்கினவுடனை எழும்பி ஓடுற ஆக்களுக்கு அது கிடையாது."

"உன்ரை கப்பை மாக்கெட்டிலை கொண்டுபோய் நீட்டிப் பார். ஒரு கிலோ வெங்காயம் தருவானோ எண்டு."

"ஞாயிற்றுக்கிழமை என்ரை மேசைக்கு வாங்கோவன். எழும்பேலாத கதிரையிலை நீங்கள் எவ்வளவு நேரம் குந்தியிருப்பியள் எண்டு பாப்பம்."

"வாறன்ரா. வந்து உன்னைத்தான் முதல் எழுப்புவன்."

"மேலை உங்கடை அப்பா கிடக்கிறார்" என்றேன். "ஓம் அம்மா" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒருத்தன் மேலே போனான். மற்றவன் கீழே போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு வருத்தம் கூடிவிட்டது. புதன்வரை வைத்திருக்க ஏலாது, ஒப்பரேசன் தியேட்டரில் உள்ள ஆளை முடித்தவுடன் இவரை எடுப்போம் என்று டொக்டர் சொன்னார். கட்டிலில் கிடந்து அவர் என்னைப் பார்த்த பார்வையில் வேறு ஒன்றும் இல்லை, பெடியங்கள் எங்கே என்ற ஒரே கேள்விதான். "கூட்டிக்கொண்டு வாறன்" என்று வெளிக்கிட்டேன். இரண்டு போனும் வேலை செய்யவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போன் எடுத்தால் மருமகள், "மாமி, ரெண்டு பேரும் கிளப்பிலைதான்" என்றாள். ஆட்டோக்காரனிடம் இடத்தைச் சொன்னேன். அவன் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தான். பார்க்கட்டும்.

அந்த வாசலை நான் என் வாழ்நாளில் மிதித்ததில்லை. செக்கியூரிட்டிப் பெடியன் சிங்களத்தில் "அம்மே" என்று மரியாதையாக நிறுத்தினான். ஆஸ்பத்திரி என்று சொன்னதும் உள்ளேயிருந்து தமிழ் பேசுகிற மனேஜர் ஒருவர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒரு ஜன்னல் இல்லை. வெளியே கொளுத்துகிற வெயிலுக்கு அங்கே இடமில்லை. ஒரு மேசையைச் சுற்றி ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மேசையில்தான் என் பிள்ளைகள், எதிரும் புதிருமாக.

மேசையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்: "ரெண்டு பேரும் எழும்புங்கோ. அப்பாவை இப்ப தியேட்டருக்கு எடுக்கப் போகினம்."

பெரியவனின் கை கதிரைப் பிடிக்குப் போனது. நான் கண்டேன். எழும்பத்தான் போனான்.

"அம்மா, அண்ணை எழும்பட்டும். அவருக்கு அது பழக்கம்தானே" என்றான் சின்னவன். "பின்னாலை நான் வாறன்."

மேசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவன் கையை எடுத்து மடியில் வைத்தான். "அவன் முதல் எழும்பட்டும்" என்றான்.

"டொக்டர் புதன் எண்டல்லோ சொன்னவர்?" என்றான் சின்னவன், என்னைப் பார்க்காமல்.

அந்த மனேஜர் நல்ல மனிசன். மற்ற விளையாட்டுக்காரர்களோடு குனிந்து கதைத்துவிட்டு, "சேர், மற்றவர்களுக்குச் சம்மதம். விளையாட்டை நிறுத்தி வைக்கிறோம். உங்கள் சிப்ஸ் அப்படியே இருக்கும். இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள்" என்றார். சிரித்த ஆள்கூட இப்போது தலையை ஆட்டினான், போங்கோ என்று.

இனி எழும்ப ஏலாது என்று சொல்ல ஒருத்தனுக்கும் ஒரு சாட்டும் இல்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியவன் சின்னவனைப் பார்த்தான். சின்னவன் பெரியவனைப் பார்த்தான். முதல் எழும்புகிறவனின் காதில் கிளிப்பைக் கொளுவ யாரோ பக்கத்தில் நிற்கிறது போல இரண்டு பேரும் இருந்தார்கள்.

"அம்மா, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. இந்தா வந்திட்டம்" என்றான் பெரியவன்.

நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. பெற்றவள் ஊர் பேர் தெரியாதவர்களுக்கு முன்னால் நின்று ஒரு தரம் கேட்டதே அதிகம். வந்த வழியே வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர, அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

"எங்கை?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வரயில்லை. ரெண்டு பேரும் ஒரே மேசையிலை இருக்கிறாங்கள். ஒருத்தன் எழும்பாமல் மற்றவன் எழும்பமாட்டானாம்."

அழுவார் என்று நினைத்தேன். பேசுவார் என்று நினைத்தேன். பேசினாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவருடைய முகம் வெளித்தது. அத்தனை நாள் வருத்தத்தில் காணாத வெளிச்சம்.

"ஒரே மேசையோ? ஆர் முன்னுக்கு நிக்கிறான்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"பாத்துக்கொண்டெல்லோ வந்திருக்கவேணும்" என்று சலித்துக்கொண்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதுதான் அவர் கடைசியாகக் கதைத்த கதை. அதற்குப் பிறகு கண் முழிக்கவில்லை. இத்தனை வருசம் அவருக்குச் சமைத்து, துவைத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த எனக்கு, போகும்போது அவர் வைத்துவிட்டுப் போனது ஒரு குறை. நான் சிப்சைப் பார்க்காமல் வந்தேனாம். பெடியங்களில்தான் கோபம் என்று அந்த வாசலிலிருந்து ஆட்டோவில் அழுதுகொண்டு வந்தவள் நான். அவர்கள் இதை எங்கே படித்தார்கள் என்பதை அந்தத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் சரியாகக் கண்டேன்.

அவர்கள் வந்தார்கள், தனித்தனி ஆட்டோவில். பொரளைச் சுடலைக்குக் கொண்டுபோகும்வரை இரண்டு பேரும் விழுந்து விழுந்து அழுதார்கள். அழுகை பொய் இல்லை. முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து ஆட்கள் கை கழுவுகிறபோது தொடங்கிவிட்டார்கள். நீ எழும்பியிருந்தால் நான் வந்திருப்பேன். நீ எழும்பியிருந்தால் நான் வந்திருப்பேன். அந்த மேசையில் கப்பை வென்றது வத்தளையிலிருந்து வந்த வேறு ஒரு ஆள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

பிறகு ஒருத்தன் இல்லாத நேரம் பார்த்து மற்றவன் கேட்பான்: "அம்மா, அப்பா கடைசியா என்ன சொன்னவர்?" பெரியவன் குசினி வாசலில் நின்று கேட்டான். சின்னவன் கதலிப்பழச் சீப்போடு வந்து கேட்டான். "ஊசி போட்டிட்டினம். ஒண்டும் கதைக்கேல்லை" என்றேன் இரண்டு பேருக்கும்.

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா எங்களைப் பார்க்கவேணும் என்றுதான் இருந்தவர், விளையாட்டையும் கேட்டவர் என்று இரண்டு பேருக்கும் நெஞ்சு ஆறிவிடும். பிறகு யார் முன்னுக்கு நின்றது என்று அந்த இடத்திலேயே சண்டை பிடிப்பார்கள். அந்த ஆறுதலை நான் கொடுக்கமாட்டேன். இதை எழுதி வைத்தால் தெரிந்துவிடாதோ என்றால், இரண்டும் இங்கிலீசில் படித்ததுகள். தமிழில் ஒரு பக்கம் வாசிக்க இரண்டுக்கும் பொறுமை இல்லை.

போன கிழமையும் சின்னவன் வந்தான். கப்பை முன்னுக்கு இழுத்து வைத்தான். கதிரையில் இருந்துகொண்டு, "அப்பா ஒரு சொல்லுக்கூடக் கதைக்கேல்லையோ அம்மா?" என்றான்.

தேத்தண்ணியை அவனுக்கு முன்னால் வைத்து, சீனி காணுமோ, இன்னும் போடவோ என்று கேட்டேன்.