லாபக் கல்

கோடைக்காலம். காரிமங்கலம் பக்கம் எங்கள் ஏரி வற்றிக் கிடந்தது. அண்ணனுக்கும் எனக்கும் ஆளுக்கொரு வீடு கட்ட ஏரி மண்ணில் செங்கல் அறுத்தோம். பத்தாயிரம் போதும் என்று கணக்கு. வரிசைக்கு நூறு, நூறு வரிசை. எண்ணி அடுக்கியது என் மனைவி. அவள் போதும் என்று சொல்லும்வரை அறுத்தோம். கல்யாணமாகி வந்த புதிது. தெலுங்கு பேசும் வீட்டுப் பெண்.

காய்ந்த கல்லைச் சூளைக்கு ஏற்றும்போது அண்ணன் எண்ணினார். பத்தாயிரத்து இருநூற்று ஒன்று.

பக்கத்துச் சூளைக்காரர் சிரித்தார். "எங்கல்லுக்குக் கால் மொளச்சு உங்ககிட்ட வந்துடுச்சா?"

விளையாட்டுப் பேச்சுதான். அண்ணன் முகம் இறுகியது. "கல்லு குட்டி போடாதுடா. அடுத்தவங் கல்ல எடுத்து வெச்சிருக்கா, நமக்கெதுக்கு? அந்தப் புள்ளைய அவங்காத்தா வூட்டுலயே கொண்டுபோயி வுட்டுரு."

நான் புங்க மரத்தடியில் போய்ப் படுத்தேன். வெயிலில் கண் சொக்கியது.

கற்கள் எழுந்து நடந்தன. இரண்டிரண்டாக நின்றன. ஒன்று தனியாக நின்றது. மும்மூன்றாக நின்றன. அப்போதும் ஒன்று. நாலு, ஐந்து, ஆறு, எப்படி நின்றாலும் ஒரு கல் தனி. ஏழேழாக நின்றபோது மட்டும் இரண்டு மிஞ்சின. தனிக் கல்லுக்குத் துணை கிடைத்ததுபோல் இருந்தது. எட்டில் மறுபடி ஒற்றை. நீ யார் வீட்டுக் கல் என்று கேட்டேன்.

விழித்ததும் குச்சியால் மண்ணில் வகுத்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புவரை படித்த கணக்கு. கனவு சரிதான்.

அவளைக் கூப்பிட்டேன். "எப்படி எண்ணுன? எண்ணிக் காட்டு."

அண்ணன் முன்னால் கல்லைத் தொட்டு எண்ணினாள். "லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு..."

எங்கள் வீட்டில் எதை எண்ணினாலும் முதலில் ஒன்று என்ற சொல் வராது. நல்ல சகுனத்துக்காக லாபம், இரண்டு, மூன்று என்றுதான் போகும்.

"லாபம்னாலே ஒண்ணுதாம்மா" என்றார் பக்கத்துச் சூளைக்காரர்.

"லாபம்னா சாமி கல்லுன்னு நெனச்சேனுங்க. கணக்குல சேராதுன்னு. வரிசையும் அப்படித்தாங்க எண்ணுனேன்."

"சாமிக்கு இத்தனை கல்லா? கோயிலே கட்டலாமே!" என்று அவர் சிரித்தார்.

வரிசைக்கு நூற்றொன்று. நூற்றொரு வரிசை. மண்ணில் பெருக்கினேன். ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு வேறு எத்தனையோ எண்ணால் வகுத்துப் பார்த்தேன். எதிலும் மிச்சம் விழுந்தது. அவள் அடுக்கியபடி சதுரமாக மட்டுமே அந்தக் கற்கள் மிச்சமில்லாமல் நிற்கும்.

ஆத்தா வீட்டுப் பேச்சு மறுபடி எழவில்லை.

சூளை பிரித்த அன்று அவளைக் கூப்பிட்டார். "வாம்மா, நீயே எண்ணு." முதல் கல்லை எடுத்து நீட்டினார். கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு" என்றார்.

அந்த வாயில் முதல் கல்லுக்கு அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். அவள் கல்லை வாங்கி வைத்துவிட்டு மறுபடி கை நீட்டினாள்.

"ரெண்டுங்க மாமா."